பாதி வழியில் நின்றுபோகும் படகு என்ஜின்: கோளாறு எங்கே?

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகம். காலை மணி பத்து. ஏலம் விடுகிறவரின் குரல் உச்சத்தில் இருக்கிறது. வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. கடைசியாக வந்த வள்ளம் தானாக வரவில்லை. இன்னொரு வள்ளம் அதைக் கயிறு கட்டி இழுத்து வருகிறது.

இழுபட்டு வந்த வள்ளத்தில் நான்கு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னால் தொங்கும் அவுட்போர்டு என்ஜினைப் பார்த்து, "சனியனே!" என்று ஓர் இளைஞன் மட்டும் முணுமுணுக்கிறான். அந்த மாதத்தில் இப்படி இழுத்து வரப்படுவது அது மூன்றாவது முறை.

இழுத்து வந்தவர்கள் கூலி எதுவும் கேட்கவில்லை. கடலில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் இவர்களை இழுத்து வந்ததில் அவர்களுக்கு முக்கால் மணி நேரம் போயிற்று. மீன் விலையும் அதற்குள் இறங்கிவிட்டது. இதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

வள்ளத்துக்காரர் குளச்சல் பக்கத்துத் தமிழர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பல ஆண்டுகளாகத் திருவனந்தபுரம் கடற்கரையில்தான் பிழைப்பு. மண்ணெண்ணெயில் ஓடும் அந்த இரட்டை சிலிண்டர் என்ஜினை, மனைவியின் நகையை அடகு வைத்துப் பழையதாக வாங்கியிருந்தார். நகை இன்னும் திரும்பவில்லை. என்ஜினோ நினைத்த இடத்தில் நின்றுவிடுகிறது.

"இடவப்பாதி மழைக்கு முந்தி சரியாகணும். இல்லையானா வித்துர வேண்டியதுதான்" என்றார் அவர்.

ஏன் இந்த அவசரம்?

கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் 52 நாட்களுக்கு விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அவுட்போர்டு பொருத்திய நாட்டு வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே சிறு மீனவர்கள் நாலு காசு பார்க்கிற பருவம் அதுதான். கடல் மிகவும் கொந்தளிக்கிற பருவமும் அதுதான்.

துறைமுக வாயிலும் பொழிமுகத்திலும் அலை உடைகிற இடத்தைக் கடக்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். அந்த ஒன்றிரண்டு நிமிடம் என்ஜின் உயிரோடு இருக்க வேண்டும். நின்றுவிட்டால் வள்ளம் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். அடுத்த அலை அதைக் கவிழ்க்கும். திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழியில் 2023 ஜூலையில் வள்ளம் கவிழ்ந்து நான்கு மீனவர்கள் மாண்டதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அங்கே அலையும் மணல் அடைப்புமே பெரிய ஆபத்து. அப்படிப்பட்ட இடத்துக்கு நம்ப முடியாத என்ஜினோடு போவதென்றால் யாருக்குத் துணிச்சல் வரும்?

எங்கும் பரவிய என்ஜின்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் அவுட்போர்டு என்ஜின்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கேரளக் கடற்கரையில் இவை வேகமாகப் பரவியது 1980-களின் தொடக்கத்தில். அதற்கு முன் துடுப்பும் பாயும்தான். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து காசர்கோடு வரை இந்தச் சத்தம் கேட்காத கடற்கரை இல்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீனவர்கள் மீட்டார்களே, அந்த வள்ளங்களை ஓட்டியதும் இதே என்ஜின்தான்.

புதிய என்ஜின் வாங்க எல்லோராலும் முடிவதில்லை. இருபது வயது ஆன என்ஜின்கள் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. சில கம்பெனிகளே மறைந்துவிட்டன. எவின்ரூட் என்ஜின் உற்பத்தி 2020 மே மாதத்தோடு நின்றது. உதிரிப் பாகம் கிடைக்காத பழைய என்ஜினைக் கட்டிக் காப்பது பட்டறைக்காரர்களின் கைத்திறமையில்தான் இருக்கிறது.

"எப்படி நின்றது?"

அந்த வள்ளத்துக்காரர் அதற்கு முன் இரண்டு பட்டறைகளுக்குப் போயிருந்தார். ஒன்றில் பிளக் இரண்டையும் மாற்றினார்கள். இன்னொன்றில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, என்ஜினை அதில் மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். அரை மணி நேரம் மணி மணியாக ஓடியது. பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போனார். அடுத்த நாளே கடலில் நின்றது.

மூன்றாவதாக அவர் போனது ஒரு தமிழ் மெக்கானிக்கிடம். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, எப்படி நின்னுது? அதை முதல்ல சொல்லுங்க" என்றார்.

"எப்படின்னா? நின்னுது!"

"டக்குன்னு நின்னுதா? இல்ல, இருமி இருமி நின்னுதா?"

இந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் முதல் சந்தேகம் கரண்டின் மேல். வேகம் குறைந்து, விக்கி, திரும்ப எழும்பி, கடைசியில் அடங்கினால் சந்தேகம் எரிபொருளின் மேல். வேகம் மெல்ல இறங்கி, மேல்மூடி தொட முடியாமல் சுட்டு, கயிற்றை இழுத்தாலும் அசையாமல் நின்றால் அது சூட்டின் வேலை. கியர் போட்ட உடனே நின்றால், விசிறியில் கயிறோ வலையோ சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த அடையாளங்கள் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே முதலில் தேடுவது என்பதை இவை சொல்லிவிடும்.

எரிபொருள் வரும் பாதை

பழைய என்ஜின் திடீரென்று நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எரிபொருள் பாதைதான். தொட்டியிலிருந்து கார்பரேட்டர் வரை ஒவ்வோர் இடமாகப் பார்த்து வர வேண்டும்.

முதலில் தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகு. இதைத் திறக்க மறந்துவிட்டால், எண்ணெய் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகும். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு என்ஜின் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். என்ஜின் மறுபடி ஓடும். காசில்லாத கோளாறு இது. ஆனால் நடுக்கடலில் கை நடுங்கும்போது இதுதான் நினைவுக்கு வராது.

அடுத்தது, கையால் அழுத்தும் ரப்பர் பந்து. என்ஜின் விக்கத் தொடங்கும்போது ஒருவர் இந்தப் பந்தை அழுத்த வேண்டும். அழுத்தியதும் என்ஜின் தேறினால், எரிபொருள் போதுமான அளவு வரவில்லை என்று பொருள். பந்து உள்வாங்கிச் சப்பையாகக் கிடந்தால் அடைப்பு தொட்டிக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கிறது. எவ்வளவு அழுத்தியும் கெட்டிப்படாவிட்டால் எங்கேயோ காற்று புகுகிறது, அல்லது பந்தின் வால்வு போய்விட்டது. பந்தின் மேல் உள்ள அம்புக்குறி என்ஜினைப் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் கலந்த எண்ணெய் இன்னொரு எதிரி. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ளதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துச் சிறிது நேரம் வைத்தால், தண்ணீர் அடியில் முத்து முத்தாகத் தனியே நிற்கும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேர்க்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பம்பில் உள்ள மெல்லிய படலத்தையும் அது கெடுக்கும். பழைய என்ஜின் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மெதுவாக ஓட்டினால் நின்று, வேகத்தில் நன்றாக ஓடினால் கார்பரேட்டரின் சிறு ஜெட்டில் பிசின் அடைத்திருக்கலாம். மெதுவாக நன்றாக ஓடி, முறுக்கினால் மட்டும் அடங்கினால் பெரிய ஜெட்டையோ பம்பையோ பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் என்ஜினுக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. பெட்ரோலில் எடுத்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. நிறுத்துவதற்கு முன்பும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை எடுக்கக் கை வலிக்கும்.

கரண்டும் சூடும்

சட்டென்று நிற்கும் என்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது ஆஃப் சுவிட்சின் ஒயர். அதன் மேலுறை தேய்ந்து இரும்பில் பட்டால், யாரும் அணைக்காமலே என்ஜின் அணைந்துவிடும். வள்ளம் ஆடும்போது மட்டும் பட்டு, ஆடாதபோது விலகி நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது கடினம். எர்த் ஒயரின் முனையில் பூத்திருக்கும் உப்பும் இதே வேலையைச் செய்யும்.

சில என்ஜின்கள் குளிர்ச்சியில் ஓடி, இருபது நிமிடத்தில் நின்று, ஆறியதும் மறுபடி ஓடும். சூடேறியதும் செயலிழக்கும் இக்னிஷன் காயில் இதற்குக் காரணமாக இருக்கலாம். இதை ஆறிய என்ஜினில் சோதித்துப் பயனில்லை. நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கைக் கழற்றி, அதன் உடலை என்ஜின் இரும்பில் அழுத்தி வைத்து, கயிற்றை இழுத்துப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

ஓடும் என்ஜினின் பின்பக்கம் மெல்லிய நூல்போல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது என்ஜினின் நாடித்துடிப்பு. அது நின்றால் உடனே என்ஜினை அணைக்க வேண்டும். தண்ணீர் இழுக்கும் துவாரத்தில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம், உப்பு அடைத்திருக்கலாம், உள்ளே உள்ள ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் ஒடிந்திருக்கலாம். கரையில் தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு நிமிடம்" ஓட்டிப் பார்க்கிறவர்கள் அந்த ஒரு நிமிடத்திலேயே இம்பெல்லரைக் கருக்கிவிடுகிறார்கள்.

எண்ணெய்க் கலவையிலும் கண் வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்த என்ஜினுக்கு எவ்வளவு என்பதைத் தயாரித்தவர்கள் சொல்லியிருப்பார்கள். கண்ணளவில் ஊற்றினால் ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பட்டறையில் ஓடியது ஏன்?

குளச்சல்காரரின் என்ஜின் இருமி இருமித்தான் நின்றது. மகன் நினைவுபடுத்திச் சொன்னான். மெக்கானிக் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"போகும்போது நிக்குமா, வரும்போது நிக்குமா?"

தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை அதை யோசித்ததே இல்லை. விடிவதற்கு முன் மூன்று மணிக்குப் புறப்பட்டுப் போகும்போது ஒரு நாளும் நின்றதில்லை. நின்ற மூன்று முறையும் திரும்பி வரும்போதுதான். மணி ஒன்பதுக்கு மேல்தான்.

"நின்ன பிறகு எப்படி எடுத்தீங்க?"

"பெட்ரோலுக்கு மாத்தி இழுத்தேன். உடனே எடுத்துச்சு" என்றான் மகன்.

"பெட்ரோல்ல ஓடும்போது நின்னுதா?"

"இல்லண்ணே. மண்ணெண்ணெய்க்கு மாத்தினா கொஞ்ச நேரத்துல திரும்ப நிக்கும். பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடும். தீர்ந்ததும் கயிறுதான்."

"அப்ப பந்து எப்படிக் கிடந்துது?"

"சப்பிப் போய்க் கிடந்துது. பந்துதான் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டோம். அதுவும் சப்பிடுச்சு."

மெக்கானிக் சிரித்தார். "மக்கா, கோளாறை நீயே சொல்லிட்டியே!" என்றார்.

யோசித்துப் பாருங்கள். பெட்ரோலில் நிற்காமல் ஓடுகிறது என்றால் பிளக், காயில், கார்பரேட்டர், இம்பெல்லர் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இரண்டு எண்ணெய்க்கும் அவை பொதுவானவை. கெட்டது மண்ணெண்ணெய்க்கு மட்டும் உரிய பாதை. பந்து சப்பையானதால் அடைப்பு பந்துக்கு முன்னால், தொட்டிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவை மூன்றே மூன்று: காற்றுத் திருகு, தொட்டிக்குள் உள்ள சல்லடை, நடுவில் ஓடும் குழாய்.

அப்படியானால் பட்டறைகளில் ஏன் ஓடியது? இரண்டு முறையும் என்ஜினை மட்டும் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். தொட்டியும் குழாயும் வள்ளத்திலேயே கிடந்தன. பட்டறைக்காரர்கள் தங்கள் தொட்டியையும் தங்கள் குழாயையும் மாட்டி ஓட்டினார்கள். ஓடாமல் என்ன செய்யும்?

மகன் ஓடிப் போய்த் தொட்டியையும் குழாயையும் எடுத்து வந்தான். காற்றுத் திருகு திறந்திருந்தது. சல்லடை சுத்தமாக இருந்தது. மிஞ்சியது குழாய். வெளியே பார்க்க அதில் ஒரு கீறல்கூட இல்லை. மெக்கானிக் கத்தியை எடுத்து அதை நீளவாக்கில் பிளந்தார்.

உள்ளே ரப்பர் உப்பி, படலம் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

எப்போதோ குழாய் அறுந்தபோது, கையில் கிடைத்த சாதாரணக் குழாய் ஒன்றை முன்பு வைத்திருந்தவர் ஒட்டுப் போட்டிருக்கிறார். அது எண்ணெய்க்கான குழாய் அல்ல. மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிட்டது. அதிகாலைக் குளிரில் விறைப்பாக இருக்கும். எண்ணெய் போக வழி இருக்கும். பங்குனி வெயிலில் வள்ளத்தின் அடித்தட்டில் கிடந்து சூடேறியதும் இளகிவிடும். திரும்பும் அவசரத்தில் முழு வேகம் கொடுக்கும்போது பம்ப் பலமாக உறிஞ்சும். இளகிய குழாய் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். என்ஜின் பட்டினியால் நிற்கும். சிறிது ஆறியதும் குழாய் விரியும். அதனால்தான் கோளாறு கண்ணாமூச்சி ஆடியது.

பிளக்குக்கும் கார்பரேட்டர் கழுவியதற்கும் புதுப் பந்துக்கும் கொடுத்த பணத்தைக் கணக்குப் பார்த்தால், எரிபொருளுக்கென்றே விற்கிற நல்ல குழாயும் இரண்டு கிளிப்பும் வாங்க அதில் ஒரு சிறு பங்கு போதும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது சரியாச்சுன்னு தெரியாது. ஒண்ணை மாத்துங்க, ஓட்டிப் பாருங்க, பிறகு அடுத்தது" என்பது அந்த மெக்கானிக் சொன்ன முக்கியமான பாடம். சந்தேகம் இருந்தால் வேறொருவரின் தொட்டியையும் குழாயையும் இரவல் வாங்கி மாட்டி ஓட்டினால் போதும். கோளாறு போய்விட்டால் என்ஜினைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றும் சொன்னார்: நின்ற நேரம், எந்த எண்ணெய், எவ்வளவு வேகம், பந்து எப்படி இருந்தது, தண்ணீர் பீய்ச்சியதா, திரும்ப எடுத்தது எப்படி என்று எழுதி வைக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது காய்ச்சல் வந்த நேரத்தைச் சொல்வதில்லையா? அது போலத்தான். பட்டறைக்குப் போகும்போது என்ஜினோடு தொட்டியும் குழாயும் கூடவே போக வேண்டும்.

புறப்படும் முன் காற்றுத் திருகு, பந்து, குழாயின் இணைப்பு மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. வள்ளத்தில் மாற்றுப் பிளக், பிளக் ஸ்பானர், இழுக்கும் கயிறு, விசிறி பின், நங்கூரம், துடுப்பு, ஆளுக்கொரு உயிர்காப்பு மேலங்கி இருக்க வேண்டும். அலை உடையும் இடத்துக்கு அருகே என்ஜின் நின்றால், மூடியைத் திறப்பதற்கு முன் நங்கூரத்தை இறக்க வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம். கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

குளச்சல்காரர் புதுக் குழாயை மாட்டிய பிறகும் உடனே நம்பிவிடவில்லை. பத்து நாள் கரையை ஒட்டியே ஓட்டினார். நல்ல வெயிலில், முழு வேகத்தில், மண்ணெண்ணெயில். ஒரு முறைகூட நிற்கவில்லை. பதினோராவது நாள் ஆழத்துக்குப் போனார்.

மகன் இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தொட்டிக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறான். முதல் பக்கத்தில் குழாய் மாற்றிய தேதி இருக்கிறது. அதன் கீழே, மழைக்காலம் முடிந்து நகையை மீட்க வேண்டிய தேதியைத் தகப்பனார் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்.